கப்பல் பெயரைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்

பிரிட்டன் ஒரு காலத்தில் கைதிகளைக் கப்பலேற்றி நாடு கடத்திய ஆஸ்திரேலியத் தீவு டாஸ்மேனியா. அங்கே கைதி மூதாதையைத் தேடுகிறவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தொலைந்தார்கள். மேரி, ஜேனட், மார்கரெட் என்று அந்த நாலைந்து பெயர்களையே ஸ்காட்லாந்து முழுக்க வைத்திருக்கிறார்கள். கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய அதிகாரிகளும் கைதியின் பெயரை எழுதி, பக்கத்திலேயே வந்த கப்பலின் பெயரையும் எழுதினார்கள். எந்த மேரி என்பது அதில்தான் தெரியும்.

என் மகளைக் கொடுத்திருப்பது டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில், ஒரு குடும்பத்தில். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். தானே கப்பலேறி வந்தார், பெரிய வீட்டில் வேலை பார்த்தார் என்பதுதான் குடும்பத்தில் சொல்லிவந்த கதை. அந்தத் தீவில் இப்படிப்பட்ட கதை நிறைய வீடுகளில் உண்டு. பெண் கைதிகள் மட்டும் 12,000-க்கும் மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கைதிகளை அனுப்புவது 1853-ல் நின்றது. 1856-ல் வான் டீமன்ஸ் லாந்து என்ற பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டார்கள். ஊரே பெயரை மாற்றிக்கொண்டபோது ஒரு பாட்டியின் கதையை மாற்றுவது பெரிய விஷயமா?

முறை என்னவோ வில்லங்கம் பார்ப்பதுபோலத்தான். கடைசிப் பதிவிலிருந்து பின்னால் போக வேண்டும். அந்தப் பாட்டியின் இறப்புப் பதிவு கையில் இருந்தது. அதை வைத்துத் திருமணப் பதிவைப் பிடித்தோம். டாஸ்மேனியாவில் 1838-லேயே அரசுப் பதிவு தொடங்கிவிட்டதால் இது சிரமமாக இல்லை. மாநில நூலகத்தின் பெயர் அட்டவணையை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். கைதி கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பப் பதிவேட்டின் வரிசைக் குறி கான் 52. கான் என்பது கைதிகள் துறை ஆவணங்களுக்கான குறி. அதில் இருவர் பெயரும் இருந்தன, பக்கத்தில் கப்பலும் இருந்தது. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, மேலே பாருங்கள்" என்றார்.

கப்பல் கிடைத்ததும் மற்றவை மளமளவென்று வந்தன. கான் 15 வருகைப் பட்டியல். அதில் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் பெயர்கள் வரை எழுதியிருக்கிறார்கள். குடும்ப மரம் வரைகிறவர்கள் இதை விடக் கூடாது. கான் 41 நடத்தைப் பதிவேடு. 1844-க்கு முன்னால் வந்த பெண்களென்றால் கான் 40-ஐப் பார்க்க வேண்டும். நம்மவர் 1840-களின் பிற்பகுதியில் வந்தவர். ஸ்காட்லாந்தின் பெர்த்தில் விசாரணை, ஏழு வருட தண்டனை, பண்ணை வேலைக்காரி, பால் கறப்பார், வாசிப்பார், எழுதத் தெரியாது. உயரம், தலைமயிர், கண், மூக்கு, முகத்தில் புள்ளிகள் என்று ஓடிப்போனால் பிடிப்பதற்கான அங்க அடையாளங்கள் எல்லாம் இருந்தன. புகைப்படம் இல்லாத ஒரு மனுஷிக்கு இவ்வளவு அடையாளம் மிச்சமிருப்பதே அவரைப் பிடித்துவைத்தவர்களின் புண்ணியம்தான்.

வந்ததும் ஆறு மாதம் டெர்வென்ட் ஆற்றில் நங்கூரமிட்டிருந்த ஆன்சன் என்ற பழைய போர்க்கப்பலில் அடைத்துவைத்து வீட்டு வேலையும் தையலும் பழக்கினார்கள். பிறகு கூலிக்கு வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதன் பின் வரிசையாகக் குற்றங்கள்: அனுமதியில்லாமல் வெளியே போனது, எஜமானியிடம் எதிர்த்துப் பேசியது, குடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனியறைச் சிறை, இல்லையென்றால் கேஸ்கேட்ஸ் பெண்கள் ஃபேக்டரியில் துணி வெளுக்கிற தொட்டி. ஃபேக்டரி என்றாலும் அது சிறைதான். மலையடிவாரத்தில், ஓடைக்கரையில், வெயில் சரியாக எட்டாத ஈரமான இடம். நடுவில் ஒரு குழந்தை பிறந்த குறிப்பும் இருந்தது. பால்குடி மறந்ததும் தாய்க்குக் கடுங்காவல். அப்படிப் பிரித்த குழந்தைகளைக் கொஞ்சம் வளர்ந்ததும் நியூ டவுன் அநாதைப் பள்ளிக்கு அனுப்புவார்கள்.

இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு மோசமானவரா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். அந்தப் பதிவேட்டை அப்படி வாசிக்கக் கூடாது என்பது என் கட்சி. தப்பு நடந்த அன்றைக்குத்தான் அந்த ஏட்டைத் திறப்பார்கள். ஒழுங்காகப் பால் கறந்த நாளைக்கு எந்த எழுத்தரும் பேனாவை எடுக்கவில்லை. இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒன்றரை வருடம் எதுவும் எழுதாமல் கிடந்தது. அந்த ஒன்றரை வருடத்தையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து கைதி என்றால் நிற்கவே கூடாது. அங்கே ஷெரிஃப் கோர்ட் என்ற கீழ் நீதிமன்றத்துக்கு நாடு கடத்தும் அதிகாரம் கிடையாது. ஜஸ்டிஷியரி உயர் நீதிமன்றமோ, அது ஊர் ஊராகப் போய் நடத்தும் சர்க்யூட் அமர்வோதான் அந்தத் தண்டனையைக் கொடுக்க முடியும். அதனால் வழக்குக்கு முன்னால் சாட்சிகளையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் விசாரித்து எழுதிய வாக்குமூலக் கட்டு மேலே போயிருக்கும். பிரிகாக்னிஷன் என்பார்கள். எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.டி. 14 என்ற வரிசையில் இருக்கிறது. எல்லா வழக்குக்கும் கட்டு மிஞ்சவில்லை. எங்களுக்கு அதிர்ஷ்டம், பட்டியலில் இருந்தது. பணம் கட்டி நகல் கேட்டோம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணையும் சட்டக் காகிதங்களில் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதுவார்கள், "அல்லது இன்னார்" என்று கணவர் பெயரையும் சேர்ப்பார்கள். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

வந்த காகிதத்தில்தான் அவர் பேசினார். படர்க்கையில், ஷெரிஃபின் எழுத்தர் கையால், "எழுதத் தெரியாது என்கிறாள்" என்று முடிந்தாலும் பேச்சு அவருடையதுதான். பண்ணையாட்களை அங்கே ஆறு மாதக் கெடுவுக்கு அமர்த்துவார்கள். மே மாதம் ஒரு கெடு, நவம்பரில் ஒரு கெடு. கூலி கெடு முடிந்த பிறகுதான். நடுவில் வெளியேறினால் கூலி போச்சு. எஜமானி துரத்திவிட்டார், வேலை பார்த்த நாட்களுக்குக்கூடக் காசு தரவில்லை, அதனால் ஒரு கவுனையும் சால்வையையும் எடுத்தேன் என்பது அவர் தரப்பு. எஜமானியின் சாட்சியத்தில் துரத்தியதாக இல்லை, சொல்லாமல் போய்விட்டதாக இருக்கிறது.

"தன் சம்பளத்தைத்தானே எடுத்திருக்கிறார்!" என்று சம்பந்தியம்மா குதித்தார். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. அதே கட்டில் முந்தைய திருட்டுகளுக்கான தண்டனைச் சான்றுகளும் இருக்கின்றன. ஒரு சால்வைக்காக மட்டும் ஸ்காட்லாந்து நீதிமன்றம் யாரையும் லேசில் கப்பலேற்றியதில்லை. பழைய குற்றவாளி, பேர்போன திருடி என்று காட்டிய பிறகே ஏழு வருடம் விழும். ஆனால் அந்த முதல் திருட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை என்கிறார் சம்பந்தியம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது நியூ டவுன் அநாதைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தக் குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.