இடப்பக்க ஜன்னல்

ஜூன் 14

அப்பாவுக்குக் காட்டு விலங்குகளைக் காட்டும் பயணத்துக்காக, பண்டாரவளை மாமா ஆகஸ்ட் மாதத்தில் தம்முடைய டபுள் கெப் வாகனத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஃபோர் வீல் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டேன். போன மழையில் தோட்டத்துச் சேற்றில் இறக்கி ஏற்றிப் பார்த்ததாகச் சொன்னார். அது போதும். எங்கள் சின்னக் காரில் போனால் யால தேசியப் பூங்காவின் வாயிலோடு நின்றுவிட வேண்டியதுதான். வாடகை ஜீப் அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எங்கோ ஒரு சிறுத்தை தெரிந்ததாகத் தொலைபேசி அழைப்பு வந்தால், எல்லா ஜீப்புகளும் புழுதி பறக்க அந்த ஒரே மரத்தடிக்கு ஓடும். அப்பாவுக்கு ஓர் உருவத்தைப் பிடித்துக்கொள்ளவே நேரம் வேண்டும். வாகனம் நிற்க வேண்டும், எஞ்சின் அணைய வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆகவே நானே ஓட்டிப் போகிறேன்.

ஜூன் 15

அப்பாவின் கண் சிகிச்சைக்கு வைத்தியசாலையிலிருந்து திகதி இன்னும் வரவில்லை.

ஜூன் 19

எந்தக் காட்டுக்கு எந்த மாதம் உகந்தது என்று இன்று உட்கார்ந்து எழுதினேன். யாலவில் பாலைப்பழம் பழுப்பது ஜூன், ஜூலை மாதங்களில். கரடிகள் மரமேறித் தின்பதைப் பார்க்க அதுவே காலம். ஆகஸ்ட் பிறந்தால் பார்வை வடக்கே திரும்பிவிடும். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தில் நீர் இறங்கி, கரையில் இளம்புல் முளைக்கும்போது சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து சேரும். மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வந்து குளம் நிறைந்தே இருக்கும் ஆண்டுகளில் புல்லும் இல்லை, கூட்டமும் இல்லை. செப்டம்பரில் யாலவின் முதலாம் வலயத்தை வறட்சியை முன்னிட்டு வழமையாக மூடிவிடுவார்கள். திறப்பதற்கு அக்டோபர் பாதி ஆகிவிடும். அதன் பிறகு மழை. மழை வந்தால் காடெங்கும் தண்ணீர். விலங்குகள் ஒரு குளத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை இல்லாமல் உள்ளே சிதறிவிடும். பார்க்க வேண்டுமானால் மண் காய வேண்டும், குளம் சுருங்க வேண்டும். நமக்குச் சாதகமான காலம் அவற்றுக்குக் கஷ்ட காலம் என்பது எழுதும்போது மனதை உறுத்தியது.

ஆக, ஆகஸ்ட். அந்த ஆகஸ்டின் நடுவில்தான் வைத்தியசாலைக் கடிதமும் வந்து விழும் என்று ஏனோ தோன்றுகிறது. சிகிச்சைக்குப் பிறகு புழுதியும் குலுக்கலும் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறகு போகலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பிறகு எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஜூன் 22

அப்பாவின் வலது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. இடது கண் நன்றாக இருக்கிறது. முன்னிருக்கையில் அவர் உட்காரப் போவது இடப்பக்கம். அப்படியானால் பார்க்க வேண்டியதெல்லாம் சாலையின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். இது தோன்றியதும் வரைபடத்தை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

வெல்லவாய, தனமல்வில வழியாக உடவளவைத் தேசியப் பூங்காவுக்குப் போனால் தூரம் குறைவு. ஆனால் தனமல்வில பக்கமிருந்து மேற்கு நோக்கி வரும்போது பூங்கா முழுவதும் வலப்பக்கம் போய்விடும். பெரகலையில் மேற்கே திரும்பி, ஹல்துமுல்ல, பெலிஹுல் ஓயா, பலாங்கொடை, பெல்மதுளை, கொடக்கவெல என்று சுற்றிப்போய் உடவளவைச் சந்திக்கு வந்தால், அங்கிருந்து கிழக்கு நோக்கி ஓட்டலாம். முதலில் அணைக்கட்டின் மேல் சாலை, இடப்பக்கம் முழுவதும் நீர்த்தேக்கம். அதைத் தாண்டியதும் மின்வேலி, வேலிக்கு அப்பால் 308 சதுர கிலோமீற்றர் காடு. மாலை நேரத்தில் வேலியோரமாகவே யானைகள் வந்து நிற்கும். அப்பா தலையைத் திருப்பக்கூட வேண்டியதில்லை.

தலையைத் திருப்பினால் எந்தப் பக்கமும் பார்க்கலாம்தானே என்றார் அம்மா. பார்க்கலாம். ஆனால் திருப்ப வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் ஓர் அசைவு கண்ணில் பட வேண்டும்.

ஜூன் 27

நுவரெலியாவுக்கு அப்பாவின் சீட்டு விஷயமாகப் போய் வந்தேன். பஸ் கொல்ஃப் மைதானத்தைத் தாண்டும்போது மேஜர் ரொஜர்ஸ் நினைவுக்கு வந்தார். பதுளையில் அதிகாரியாக இருந்த அந்த வெள்ளைக்காரர் 1,400-க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை இங்கே இருக்கிறது. 2011-ல் நீர்நிலைகளருகே நின்று எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் கிடைத்த தொகை 5,879. ஒரு மனிதரின் துப்பாக்கி, அந்த மொத்தத்தில் கால்பங்குக்கு நெருக்கமானதைத் தின்றிருக்கிறது.

இந்த மலைகளில் யானை நடந்திருக்கிறது என்பதை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் இப்போது மரைதான் பெரிய விலங்கு. காட்டை அழித்துக் கோப்பியை வைத்தார்கள், கோப்பி நோயில் போனதும் தேயிலையை வைத்தார்கள், அதற்காக எங்கள் பூட்டன்மாரைக் கடல் கடத்திக் கொண்டுவந்து இதே சரிவுகளில் நிறுத்தினார்கள். இங்கிருந்த யானைகள் ஒழிந்த காலமும் எங்கள் ஆட்கள் வந்த காலமும் ஒன்றே. அப்பா நாற்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டிய வளைவுகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு யானைத் தடத்தின் மேல் போட்டதாக இருக்கலாம். காட்டில் நிற்கும் யானையை அவர் இதுவரை கண்டதே இல்லை. பெரஹரா ஊர்வலத்தில் கண்டிருக்கிறார், சங்கிலியோடு.

ஜூலை 2

திகதி வரவில்லை. கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை.

ஜூலை 6

புத்தல வழிப் பிரச்சினை இன்று பெரிதாகிவிட்டது.

கதிர்காமத்துக்கு புத்தலையிலிருந்து காட்டின் நடுவே இறங்கும் பாதையில்தான் போக வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். பதுளைப் பக்கத்து ஜனங்கள் காலங்காலமாக முருகனிடம் போகும் வழி அது. என்னுடைய திட்டத்தில் அந்தப் பாதையே இல்லை: உடவளவை, தனமல்வில, லுணுகம்வெஹெர, திஸ்ஸமகாராமை, யால, வந்த வழியே திரும்புதல். காரணம் அங்கே நடு வீதிக்கு வந்து வாகனங்களை மறிக்கும் யானைகள். அவை பிறவியிலேயே அப்படி இல்லை. கோயிலுக்குப் போகும் வேன்களிலிருந்து பூஜைத் தட்டுப் பழங்களை யாரோ பக்தியோடும் பயத்தோடும் எறிந்தார்கள். வாழைப்பழமும் தர்ப்பூசணியும் வாகனத்துக்குள் இருக்கும் என்று யானை கற்றுக்கொண்டது. இப்போது கொடுக்காதவர்களின் ஜன்னலுக்குள்ளும் தும்பிக்கை வருகிறது. உணவு கொடுத்துப் பழக்குகிறவன் யானைக்குச் செய்வது உபகாரமே அல்ல. வீதிக்கு வரப் பழகிய யானையின் ஆயுள் வாகனத்திலோ துப்பாக்கியிலோ முடிகிறது. இதை அப்பாவிடம் சற்று உரக்கவே சொன்னேன்.

அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "புத்தலயில இருந்து எறங்குனா யால காடு எந்தப் பக்கம்?" என்றார்.

தெற்கு நோக்கி இறங்கினால் கிழக்கு இடப்பக்கம். யால இடப்பக்கம்தான். என் விதியைக் கொண்டே என்னை மடக்கிவிட்டார். மறுபுறம் லுணுகம்வெஹெர வனம். யானைகள் இரண்டுக்கும் இடையே கடப்பதால்தான் அந்தப் பாதையே அப்படி இருக்கிறது.

இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடட்டும், ஹோர்ன் அடிக்கக் கூடாது, பெரிய வெளிச்சம் போடக் கூடாது, ஓரமாக இடைவெளி இருக்கிறதே என்று நுழையவே கூடாது. காதை விசிறிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றால் அது தன் போக்கில் இருக்கிறது. காதை விரித்து அசையாமல் நம்மையே பார்த்து நின்றால் ரிவர்ஸ். பின்னால் இன்னொரு வாகனம் ஒட்டிக்கொண்டு நின்றால் ரிவர்ஸ் எடுக்க இடம் எங்கே? நான் நினைத்து நினைத்துப் பயப்படுவது இந்த ஒன்றைத்தான்.

ஜூலை 9

இன்று ஒன்றும் பிடிக்கவில்லை. கண்ணுக்குச் சிகிச்சை காத்திருக்கும் மனிதரை நாலு நாள் காட்டுக்குள் குலுக்கிக்கொண்டு போகிறாயா என்று சித்தி கேட்டார். ஆம், போகிறேன்.

ஜூலை 13

உடவளவையில் யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லத்துக்கு எந்த நேரத்தில் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாயை இழந்த குட்டிகளை அங்கே 1995 முதல் வளர்த்து, ஐந்து வயதளவில் மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். பால் கொடுக்கும் வேளையில் மேடையில் நின்று பார்க்கலாம். தொடவோ ஊட்டவோ விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடுதான் அந்த இடத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு.

ஆனால் உடவளவை என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு நல்லதண்ணிக் கருஞ்சிறுத்தைதான் முன்னால் வருகிறது. 2020 மே மாதக் கடைசியில், லக்சபான தோட்டத்தில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அது கழுத்து மாட்டிக் கிடந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தது. எங்கள் மலையில் பிறந்து, எங்கள் தேயிலைக்குள் நடமாடி, எங்கள் ஆட்களில் யாரோ கட்டிய கம்பியில் போன உயிர். மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் ஒரு தொழிலாளர் லயத்துக் குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கம்பியை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிறுத்தையைப் பார்ப்பதற்கு யால வரை போக வேண்டியிருக்கிறதே என்று அன்று போல இன்றும் வயிறு எரிகிறது.

ஜூலை 18

மாமா வாகனத்தைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா அதைப் பார்வையிட்ட விதத்தை எழுதிவைக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் கட்டைவிரலின் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். பின் இடது டயரின் உள்ளோரத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது, மாற்று என்றார். மாமா குனிந்து டோர்ச் அடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு என்னை நானுஓயா வரை ஓட்டச் சொல்லி, இறக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்க நம்பாத." வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கும் ஒரே அளவு. சரி என்று தலையாட்டினார். எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்த நாளைவிட அது பெரிதாக இருந்தது.

ஜூலை 21

குமண தேசியப் பூங்காவை விட்டுவிட மனமே வரவில்லை. மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக லாகுகலையைத் தொட்டு, பொத்துவில், பாணமை, உகந்தை முருகன் கோயில். கோயிலுக்குப் பக்கத்திலேயே குமணவின் வாயில். வடக்கிலிருந்து பாத யாத்திரை வரும் அடியார்கள் அந்த வாயிலால் நுழைந்து, காட்டினூடே நாட்கணக்கில் நடந்து கதிர்காமம் சேர்கிறார்கள். யானைகளின் இடத்தில் வெறுங்காலோடும் வேலோடும் நடக்கிறார்கள். அம்மாவின் ஆசை அதுதான். நடக்க முடியாவிட்டாலும் அந்த வாயிலில் நின்று ஒரு கற்பூரம். அங்கிருந்து இங்கினியாகலைக்குப் போனால் கல்லோயாக் காட்டிலுள்ள சேனநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தில் படகிலேறி, தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைத் தேடலாம். இவ்வளவையும் சேர்த்தால் நாட்கள் போதாது. ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரைக்குள் வாகனம் தங்குமிடத்தில் நிற்க வேண்டும் என்ற விதியை எதற்காகவும் தளர்த்தப் போவதில்லை. இருட்டினால் வீதி அவற்றுடையது.

ஜூலை 22

கற்பூரம் கதிர்காமத்திலேயே ஏற்றலாம் என்று அம்மா தாமாகவே சொல்லிவிட்டார்.

ஜூலை 26

கடிதம் வந்தது. ஆகஸ்ட் 11.

ஜூலை 27

எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட்டேன். ஆகஸ்ட் 4 காலையில் புறப்பாடு, 7 மாலை வீடு. விடுமுறை தொடங்குவதற்கு முன்பே என்பதால் அதிபரிடம் லீவு கேட்டேன். காரணம் சொன்னதும் கையெழுத்திட்டார். மின்னேரியா இல்லை, குமண இல்லை, கல்லோயா இல்லை. உடவளவையும் யாலவும் கதிர்காமமும் மட்டும். பாலைப்பழம் முடிந்திருக்கும், கரடியை எதிர்பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். யானை வருமா என்று மட்டும் கேட்டார்.

யாலவுக்குள் ஆறு மணிக்கு நுழைய வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவரைக் கேட்டு எங்களோடு ஏற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே வேகம் 25-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு அதில் பாதி போதும். பட்டனங்கலக் கடற்கரையில் மட்டும் இறங்க விடுவார்கள். 2004-ல் கடல் உள்ளே வந்த இடம். அப்பா அங்கே கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 28

புத்தல வழியைச் சேர்த்துக்கொண்டேன். முதல் நாள் உடவளவை, இரண்டாம் நாள் தனமல்வில, வெல்லவாய என்று வடக்கே ஏறி, புத்தலையில் தங்கி, மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் காட்டுப் பாதையில் இறங்குவது. எண்ணெய் வீண்தான். எட்டு மணி என்றால் பஸ் ஒன்றின் பின்னால் நூறு மீற்றர் விட்டுப் போகலாம். வாகனத்துக்குள் பழம் ஒன்றுகூட இருக்காது. பூஜைத் தட்டைக் கதிர்காமத்துக்குப் போய்த்தான் வாங்குவது. அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டுகிறார், அதையும் மூடி இறுகிய வாளிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாலவுக்கு நான்காம் நாள் காலை மட்டும்தான் மிச்சம்; அன்றே மலையேறி இருட்டுமுன் வீடு வர வேண்டும் என்பதால் பத்து மணிக்கு வெளியே வந்தாக வேண்டும். அப்பாவுக்குச் சம்மதம். யால குறைந்தாலும் பரவாயில்லை, பாதை வேண்டும் என்கிறார்.

ஜூலை 30

பின் இடது டயர் மாற்றியாயிற்று. வழிகாட்டியிடம் சிங்களத்தில் சொல்ல வேண்டியதை எழுதி வைத்தேன்: எதைக் கண்டாலும், முடிந்தால், அது எங்களுக்கு இடப்பக்கமாக வரும்படி வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 3

சொட்டு மருந்து இரண்டு போத்தல், கறுப்புக் கண்ணாடி, தண்ணீர், கயிறு, உபரி டயர், வாகனக் காப்புறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள். காலை நான்கரைக்கு எழும்ப வேண்டும். அப்பா இப்போதே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.