ரிட்டர்னை விழுங்கிய கேட்ச்

இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரே ஒரு ரிட்டர்ன், நிரலில் 'போதும், வெளியே வா' என்று சொல்லும் கட்டளை.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரி ஒருவருக்கு, திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். படகுகள், ஒவ்வொரு படகுக்கும் சீட்டுகள், ஒவ்வொரு சீட்டிலும் வரிகள். எடை எழுதாத முதல் வரியைக் கண்டதும் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். மொழி ஸ்காலா. மூன்று ஃபோர்ஈச் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று ஓடுவது), ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் ரிட்டர்ன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தால் வீட்டில் இதே வேலைதான் நடக்கும். நான் ஒரு அறை, தம்பி ஒரு அறை. கிடைத்தவர் கத்தினால் எல்லோரும் நிறுத்துவோம். ஜாவாஸ்கிரிப்டின் ஃபோர்ஈச்சில் அந்தக் கத்தல் கேட்காது. உள்ளே ரிட்டர்ன் எழுதினால் அந்த ஒரு சுற்றுதான் முடியும், அடுத்த அலமாரி திறக்கும். ஸ்காலாவில் அப்படியில்லை, ரிட்டர்ன் என்றால் வெளியே இருக்கும் டெஃப் (அதாவது ஃபங்ஷன்) முழுவதிலிருந்தும் வெளியேறும். அதனால்தான் நம்பினேன்.

ஆனால் எடை இல்லாத வரி கண் முன்னால் இருக்கும்போதே, "குறை ஏதும் இல்லை" என்றது நிரல். லாக்கில், அதாவது நிரலின் பதிவேட்டில், 'நல்', 'நல்' ('எதுவும் இல்லை') என்று வரிசையாக வந்ததைத் தவிர வேறு துப்பே இல்லை.

உள் ஃபங்ஷனிலிருந்து அப்படித் தாவ ஸ்காலா 2 ரகசியமாக ஒரு எக்ஸெப்ஷனை, வழியில் யாராவது பிடிக்கும்வரை வெளியே போய்க்கொண்டே இருக்கும் ஒரு அறிவிப்பை, எறிகிறது. அதில் செய்தியும் கிடையாது, எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸும் கிடையாது. வரியைப் படிக்கும் இடத்தில், எதுவந்தாலும் பிடித்து லாக்கில் போடு என்று எறியக்கூடிய எல்லாமும் அடங்கிய த்ரோவபிளையே கேட்ச் செய்திருந்தேன். என் ரிட்டர்ன் வாசல் தாண்டும் முன்னே அந்தக் கேட்ச் அதை விழுங்கி, செய்தி இல்லாததால் 'நல்' என்று ஏப்பம் விட்டிருக்கிறது. சாதாரணப் பிழைகளை மட்டும் பிடிக்கும் நான்ஃபேட்டல் என்று எழுதியிருந்தால் இது தப்பியிருக்கும். சோம்பல்.

இதில் எனக்குப் பிடித்தது காமன் லிஸ்ப் மொழிதான். பிளாக் என்று ஒரு வாசலுக்குப் பெயர் வைத்துவிட்டு, எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் ரிட்டர்ன்-ஃப்ரம் போட்டு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். எந்த வாசல் என்பது கோடிலேயே தெரியும். ஸ்கீம் மொழியின் கால்-சிசி இன்னும் ஒரு படி மேல், வாசலையே கையில் எடுத்துக்கொண்டு திரியலாம். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஸ்காலாவும் 3.2-இல் இந்த ரிட்டர்னைக் கைவிடச் சொல்லி, 3.3-இல் பவுண்டரி, பிரேக் என்று பெயர் தெரிந்த வாசல் கொண்டுவந்தது.

கடைசியில் நான் அதையும் பயன்படுத்தவில்லை. இட்டரேட்டரில், படகுகளை வரிகளாகப் பிரிக்க இரண்டு ஃப்ளாட்மேப், தேட ஒரு ஃபைண்ட். இட்டரேட்டர் சோம்பேறி, கேட்கக் கேட்கத்தான் அடுத்த வரியை எடுத்துத் தரும். அதனால் கிடைத்ததும் தானே நின்றுவிடுகிறது. இட்டரேட்டர் இல்லாமல் வெறும் பட்டியலில் செய்திருந்தால் எல்லாப் படகையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தேட ஆரம்பித்திருக்கும். தாவ வேண்டிய அவசியமே போய்விட்டது.

சரி, அந்த வரியில் என்ன இருந்தது தெரியுமா? எடைக் கட்டம் காலி. மீன் பெயர்க் கட்டத்தில், "வஞ்சிரம் 12 கிலோ".