தெளிந்த தண்ணி வரும் மட்டும்

"இதைப் பூட்டினது நீங்கள்தானே?" அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

ஜனவரி மாதம். லண்டன் ஹரோ பக்கம், 1930களில் கட்டின வீடு. வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு நின்றார். வெளிக்காற்றின் சூட்டை இழுத்து வீட்டுக்குள் ஓடும் தண்ணியைச் சூடாக்கும் ஹீற் பம்ப் மிசின், வெளியே மூன்று நாளாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. திரையில் தண்ணீர் ஓட்டம் குறைவு என்று காட்டியது. இரண்டு பக்க வால்வையும் மூடிவிட்டு வடியைக் கழற்றினேன். கம்பிவலையின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை, முழுக்கக் கறுப்புக் களி. மக்னெற்றைக் கிட்டக் கொண்டுபோனதும் களி இழுபட்டுப் போய் ஒட்டிக்கொண்டது.

ஓம், நாங்கள்தான் பூட்டினது. அப்போது வேறோர் இடத்தில் வேலை. முன்பு தண்ணியைச் சூடாக்கின பழைய பொயிலரைக் கழற்றிவிட்டு, அந்தச் சுடுதண்ணி ஓடி அறைகளைச் சூடாக்கும் பழைய ரேடியேற்றர்களில் பாதியை அப்படியே விட்டு, அரை மணித்தியாலம் குழாய்த் தண்ணியை ஓடவிட்டு, "காணும், மூடு" என்றார்கள். மூடினேன். 2023 ஒக்ரோபரில் ஹீற் பம்ப் பூட்ட அரசாங்கம் கொடுக்கும் மானியம் 5,000 பவுணிலிருந்து 7,500 பவுணாக ஏறினதோடு எங்களுக்கு வேலை குவிந்தது, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்ற அவசரம்.

அந்தக் களி வேறொன்றுமில்லை, ரேடியேற்றரின் உள் இரும்பு வருடக்கணக்காக அரித்து இறங்கின கறுப்புத் துரு. பொயிலர் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 70 பாகையில் தண்ணியை அனுப்பி 50இல் திரும்ப எடுத்தால், 7 கிலோவாற் சூட்டுக்கு நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் ஓடினால் போதும். ஹீற் பம்ப் 45இல் அனுப்பி 40இல் எடுக்கிறது. அதே சூட்டைக் கொண்டுபோக நிமிடத்துக்கு இருபது லீற்றர் ஓட வேண்டும். அதற்குத்தான் 28 மில்லிமீற்றர் கொப்பர் பைப் இழுக்கிறோம். இவ்வளவு தண்ணியும் கடைசியில் போய் நுழைவது ஹீற் பம்புக்குள் தகடு தகடாக அடுக்கின சூடுமாற்றியின் ஒடுங்கின இடுக்குகளுக்குள். அங்கே களி படிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மிசினும் மூச்சு முட்டித்தான் நிற்கும்.

அன்று வாளியில் விழுந்த கறுப்புத் தண்ணியைப் பார்த்தபோது யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஆவணி மாதத்துக் கிணறு இறைப்புத்தான் கண்ணுக்குள் வந்தது. விடியவே மிசின் இறைக்கத் தொடங்கும். ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் நடுவில் நிற்பாட்ட முடியாது. பதினாலு வயதில் முதல் தடவை என்னை இறக்கினார்கள். மேலே நெருப்பு வெயில், அடியில் கால் விறைக்கும். சேற்றை வாளியில் அள்ளி அள்ளிக் கொடுக்க, சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊற்றுக்கண் கையில் தட்டுப்படும். விரலால் சேற்றை நோண்டிவிட்டால் தண்ணி குபுக்கென்று உள்ளங்கையில் முட்டும். மேலேயிருந்து அப்பு சொல்லுவார்: "தெளிஞ்ச தண்ணி வரும் மட்டும் ஏறாதை." அள்ளின சேறு வாழையடிக்குப் போகும்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு என் லீவு நாளில் திரும்பப் போனேன். ஹீற் பம்பை வால்வால் பிரித்துவிட்டு, பைப் கழுவும் மிசினைப் பூட்டி, ஒரு ரேடியேற்றரை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி, றப்பர்ச் சுத்தியலால் அடியைத் தட்டித் தட்டி, ஓட்டத்தை முன்னும் பின்னும் திருப்பி, ஒவ்வொன்றாக. வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்ப்பேன். கறுப்பு, சாம்பல், தேயிலைச் சாயம், பிறகு வெறும் தண்ணி. பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பையின் அடி தெரிந்தது. துரு பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து, மக்னெற் ஃபில்ற்றரைப் பூட்டி, மிசினைத் திரும்ப இணைத்தேன்.

புது வீடு, புதுப் பைப் என்றாலும் இதை விடக்கூடாது. பைப்பைப் பற்றவைக்கப் பூசின பசை, கொப்பர் சீவல் எல்லாம் உள்ளேதான் கிடக்கும். இந்த நாட்டின் வேலைத்தரமான பிஎஸ் 7593கூட கழுவு, மருந்து கலந்துவிடு, ஃபில்ற்றர் பூட்டு என்றுதான் சொல்கிறது. அந்த அரை நாளைக் களவெடுப்பவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. களவெடுப்பது ஒரு கிழவியின் குளிர்காலத்தை.

மற்றபடி பதினொரு வருடத்தில் இந்த ஊர் பழகிவிட்டது. பைப்புத் தண்ணியின் சூடு மூன்று பாகைக்கு இறங்கினால், உறைவதற்கு முன் தானாகத் திறந்து தண்ணியைக் கொட்டும் வால்வுகூட எனக்கு இப்போது புதினமில்லை. பைப்புக்குள் தண்ணி உறைந்து பைப்பை வெடிக்க வைக்கும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? கேற்றிலில் படிகிற வெள்ளைக் கல் மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அதைச் சுரண்டும்போதெல்லாம் அம்மாவின் அடுப்படிதான்.

போன ஞாயிறு அம்மாவோடு கதைத்தேன். கிணறு இறைச்சாச்சோ என்று கேட்டேன்.

"எங்கை தம்பி, இறங்க ஆளில்லை. ரெண்டு வருசமாச்சு. தண்ணி கொஞ்சம் மங்கலாத்தான் வருது. வடிச்சுக் குடிக்கிறன்."

எதால் வடிக்கிறீங்கள் என்று கேட்டேன்.

"உன்ரை பழைய வேட்டித் துண்டாலைதான்."

டிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆவணிக்கு.