பிராக்கிக்குப் போகலாமா?

பிரிட்டனில், தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒரு காலத்தில் கஃபேக்குப் பெயர் 'பிராக்கி'. நகலெடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அப்படி. பிராக்கி என்பது ஓர் இத்தாலியக் குடும்பப் பெயர். 1890-களில் அங்கே கடை போட்டவர்கள். பிறகு வந்த இத்தாலியர் பலகையில் என்ன பெயர் எழுதி மாட்டினாலும், ஊருக்கு அதுவும் பிராக்கிதான். பலகைக்குக் காசு கொடுத்தவருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

இவர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கத்து ஆட்கள். வட இத்தாலியில், பார்மா மாகாணத்து மலையில் இருக்கும் பார்தி. சிவந்த பாறை மேல் ஒரு கோட்டை, அதைச் சுற்றிப் பாகம் பிரித்துப் பிரித்துத் துண்டாகிப்போன மேட்டு நிலங்கள். வயிற்றுப் பிழைப்புக்காக இசைப்பெட்டியைச் சுமந்துகொண்டு தேசம் தேசமாக நடந்தவர்கள் அந்த மலையில் ஏற்கெனவே உண்டு. வேல்ஸில் சுரங்கங்கள் ஓஹோவென்று ஓடுகின்றன என்ற சேதி வந்ததும் அங்கே கிளம்பினார்கள். ஆனால் குழிக்குள் இறங்கவில்லை. குழியிலிருந்து ஏறி வருகிறவனுக்கு விற்கப் போனார்கள்.

முதலில் போனவர் கடை போடுவார். ஊரிலிருந்து ஒரு பையனை, பயணச் செலவைத் தானே கொடுத்து, வரவழைப்பார். பையன் சாப்பாடும் படுக்கையும் பெற்றுக்கொண்டு சில வருஷம் உழைப்பான். சேர்ந்த சம்பளத்தோடு அடுத்த பள்ளத்தாக்கில் சொந்தக் கடை. அவன் இன்னொரு பையனை அழைப்பான். 1930-களின் கடைசியில் வேல்ஸில் இப்படி முந்நூறு கடைகளுக்கு மேல். இதைக் குடும்ப ஒற்றுமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. அந்தப் பையனின் நாளைப் பார்க்க வேண்டும். பாலும் சர்க்கரையும் காய்ச்சி ஆறவைத்து, உலோகப் பாத்திரத்தில் ஊற்றி, அதை மரத்தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸும் உப்பும் திணித்து, கை கடுக்கச் சுற்ற வேண்டும். உப்புதான் சூட்சுமம்: அது சேர்ந்தால்தான் ஐஸின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், பால் உறையும். அப்புறம் வண்டியில் ஏற்றி மேட்டுத் தெருக்களில் தள்ள வேண்டும். இங்கிலீஷும் தெரியாது, வெல்ஷும் தெரியாது.

மழைக்கால ஊரில் ஐஸ்கிரீம் எத்தனை நாள் ஓடும்? அதனால் சூடான பானம், நீராவியில் சுடவைத்த 'பை' என்ற உள்ளே அடைத்த மாவுப் பண்டம், சிகரெட், மிட்டாய் எல்லாம் வந்தன. இத்தாலியச் சமையல் மட்டும் கடைக்கு வரவில்லை. அது பின்கட்டோடு சரி. வந்த ஊரின் நாக்குக்குத் தலைவணங்கிய வியாபாரம் இது.

ஞாயிற்றுக்கிழமைதான் இவர்களுக்கு அதிர்ஷ்டமும் தலைவலியும். 1881 சட்டப்படி வேல்ஸில் ஞாயிறன்று மதுக்கடை மூடல். தேவாலயம் முடிந்த இளவட்டங்கள் உட்கார இடம் பிராக்கி ஒன்றுதான். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், வழக்குப் போட்டார்கள். கடைக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த ஞாயிறும் திறந்தார்.

1940 ஜூன் 10, இத்தாலியின் முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்தார். அன்றிரவே பல ஊர்களில் இத்தாலியக் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. உடைத்ததும் அதே ஊர்க்காரர்கள்தான். ஆண்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அவர்களில் பலர் கனடாவுக்கு அனுப்பப்பட்ட அரண்டோரா ஸ்டார் கப்பலில் இருந்தார்கள். ஜூலை 2 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தகர்த்தது. செத்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களில் நானூறுக்கு மேல் இத்தாலியர். பார்தியின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கென ஒரு சிற்றாலயம் இருக்கிறது. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபின் பேராலயத்தில் நினைவிடம் வைக்க 2010 ஆகிவிட்டது.

ஆண்கள் இல்லாத கடைகளில் மனைவிமார் கல்லாவில் உட்கார்ந்தார்கள். கல் எறிந்த தெருவுக்கே தேநீர் ஊற்ற வேண்டியிருந்தது. சில வீடுகளில் அப்பா தடுப்பு முகாமில், மகன் பிரிட்டிஷ் ராணுவத்தில்.

போருக்குப் பிறகு எஸ்பிரஸோ மெஷின்கள் வந்தன. பிறகு சுரங்கங்கள் மூடின, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், கடைகள் குறைந்தன. ஆகஸ்டில் பார்திக்குப் போனால், சந்தைத் திடலில் வேல்ஸ் இழுவையோடு இங்கிலீஷ் பேசுகிறவர்களைப் பார்க்கலாம். தாத்தாவின் ஊருக்கு விடுமுறைக்கு வந்தவர்கள்.