சாவு வீட்டுல கஞ்சா புகை

ரெண்டு நாளா ஒரே விஷயம்தான் மண்டைல ஓடிட்டு இருக்கு, எழுதிடுறேன்.

கிமு 5ஆம் நூற்றாண்டுல ஹெரோடோட்டஸ்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் இருந்தாரு இல்ல, அவரு சித்தியர்கள்ங்கிற குதிரைவீரர் கூட்டத்தைப் பத்தி எழுதும்போது, இவங்க செத்தவங்களைப் புதைச்சுட்டு வந்து தீட்டுக் கழிக்க, மூணு குச்சி நட்டு மேல கம்பளியைப் போர்த்தி, உள்ள பழுக்கக் காய்ச்சின கல்லை வச்சு அதுல கஞ்சா விதையைப் போடுவாங்க, புகை கிளம்பும், சந்தோஷத்துல கத்துவாங்க, அவங்களுக்குக் குளியலே அதான்னு சொல்லிருக்காரு. படிக்கிறப்போ கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும்.

ஆனா 1947ல சைபீரியாவோட ஆல்தாய் மலையில, பசிரிக்ங்கிற இடத்துல ருடென்கோங்கிற சோவியத் தொல்லியல் ஆய்வாளர் ஒரு கல்லறையைத் தோண்டினாரு. பனியில உறைஞ்சு கிடந்ததால எதுவும் மக்கல. வெண்கலப் பாத்திரம், உள்ள கல்லு, கருகின கஞ்சா விதை, கூடவே கூடாரம் போட ஆறு குச்சி! எனக்குப் புல்லரிச்சுருச்சு. விதையில பெருசா போதை கிடையாதுங்க, அதைச் சுத்தியிருக்கிற பூவுலதான் பிசினே இருக்கு, அதோட சேர்த்துதான் போட்டிருக்கணும்னு நினைக்கிறேன்.

அப்புறம் 2019ல வந்த ஆய்வு. சீனாவோட மேற்கு ஓரம் பாமிர் மலை, ஜிர்சன்கல் இடுகாடு, 2500 வருஷம் பழசு. அங்க கிடைச்ச 10 மரத் தணல்சட்டியில 9ல கஞ்சாவோட ரசாயனத் தடம், அதுவும் போதை அதிகமா இருக்கிற ரகம். பசிரிக்லயும் சரி இங்கயும் சரி, யாழ் மாதிரி ஒரு நரம்பு வாத்தியமும் கிடைச்சிருக்கு. சாவு வீட்டுல பாட்டும் புகையும்.

அதுக்காக போதைக்குத்தான் வளர்த்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. 2021ல 110 கஞ்சாச் செடியோட மரபணுவைப் பார்த்ததுல, கிழக்காசியாவுல சுமார் 12,000 வருஷம் முன்னாடியே பழக்கப்படுத்திட்டாங்கன்னும், நார் ரகமும் போதை ரகமும் தனித்தனியா பிரிஞ்சது ரொம்பப் பின்னாடின்னும் தெரிஞ்சுது. (நம்ம சணல் சாக்கு வேற செடி, குழப்பிக்க வேணாம்.)

எனக்கு மறக்கவே முடியாதது வடமேற்குச் சீனாவுல துர்பான் பக்கத்து ஜியாயி கல்லறைதான். சுமார் 35 வயசு ஆளு. 13 கஞ்சாச் செடியை கிட்டத்தட்ட முழுசா, வேர் இடுப்புக்குக் கீழயும் நுனி முகவாயைத் தாண்டி முகத்தோட இடது பக்கமும் வர்ற மாதிரி, நெஞ்சு மேல சாய்வா போர்த்திவிட்டிருக்காங்க.