நியூயார்க்கின் இருட்டறைகளும் ஒரு சட்டத்தின் கதையும்

1880-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இரண்டு கோடிக்கும் அதிகமானோர் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். தென் இத்தாலியின் வறண்ட கிராமங்களிலிருந்தும், 1881-க்குப் பின் யூதர்கள் மீது வன்முறை பெருகிய ரஷ்யப் பேரரசிலிருந்தும், போலந்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் அவர்கள் வந்தார்கள். இந்த வரலாற்றைச் சொல்பவர்களில் பலர் நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த எல்லிஸ் தீவின் பரிசோதனைக் கூடத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, இறங்கியவர்கள் எங்கே குடியேறினார்கள், அந்த வீடு ஏன் அப்படிக் கட்டப்பட்டிருந்தது என்ற கேள்விகளே முதன்மையாகத் தோன்றுகின்றன. தொழில் யுகத்து நகரம் எப்படி வளர்ந்தது என்பதை அறிய, மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருந்த அடுக்குக் குடியிருப்புகளின் உள்ளறைகளைப் பார்ப்பதே சிறந்த வழி என்று நினைக்கிறேன்.

1811-இல் மன்ஹாட்டன் தெருக்கள் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்ட பின், 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனையே அங்கு வழக்கமான அளவாயிற்று. ஒரு குடும்பம் தனி வீடு கட்டி வாழ அந்த மனை போதுமானது. நிலத்தின் விலை ஏறியபோது மனை அப்படியே இருக்க, வீடு பின்பக்கமும் மேல்பக்கமும் வளர்ந்தது. ஐந்து அல்லது ஆறு மாடிகள் எழுந்தன. மாடிக்கு நான்கு குடும்பங்கள் வரை குடியிருந்தன. முன்னறைக்குத் தெருவிலிருந்தும் பின்னறைக்குக் கொல்லையிலிருந்தும் காற்று வந்தது. நடுவில் இருந்த அறைகளுக்கு இரு பக்கமும் பக்கத்துக் கட்டடங்களின் சுவர்கள்தான். கீழ்க்கிழக்குப் பகுதியில் அடங்கிய பத்தாம் வார்டில், 1890-களில், ஏக்கருக்கு ஐந்நூறு பேருக்கும் மேல் வசித்தார்கள்.

இவ்வளவு நெருக்கடியில் அவர்கள் ஏன் தங்கினார்கள் என்று கேட்பது எளிது. வேலை அங்கேதான் இருந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவரால் தினமும் தொலைவிலிருந்து வந்து போக முடியாது. பயணத்துக்குச் செலவிடக் காசும் இல்லை. தையல் தொழிலோ வீட்டுக்குள்ளேயே நுழைந்திருந்தது: முதலாளி துணியை வெட்டித் துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க, அவர் தம் வீட்டின் முன்னறையில் சக ஊர்க்காரர்களை அமர்த்தித் தைத்து வாங்கினார். வாடகையைச் சமாளிக்க, ஏற்கெனவே நெரிசலான வீட்டில் கூடுதலாக ஒருவரோ இருவரோ தங்க இடம் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. அவர்களுக்குச் சமைத்தும் துவைத்தும் குடும்ப வருமானத்தில் குறிப்பிடத்தக்க பங்கைப் பெண்கள் ஈட்டினார்கள் என்பது பல வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளோடு கடந்துபோகும் செய்தி.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1867-இல் முதல் குடியிருப்புச் சட்டம் வந்தது; இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம் என்பது அதன் அளவுகோல். 1869-இல் சுகாதார அதிகாரிகள் உள்ளறைச் சுவர்களில் 46,000-க்கும் அதிகமான ஜன்னல்களை வெட்டித் திறக்க ஆணையிட்டார்கள். ஆனால் அந்த ஜன்னல்களில் பெரும்பாலானவை இருண்ட நடைவழியை நோக்கித்தான் திறந்தன. வெளிச்சத்துக்கு அங்கே வழியே இல்லை. சட்டத்தின் சொல்லை நிறைவேற்றி அதன் நோக்கத்தைத் தோற்கடிக்கும் இந்த வித்தை பிறகும் தொடர்ந்தது.

1879 சட்டம் படுக்கையறைக்கு வெளிக்காற்று வேண்டும் என்றது. அந்த நேரத்தில் ஒரு தொழில் இதழ் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞர் பரிசு பெற்றார். நடுப்பகுதியில் இரு புறமும் சற்றே உள்வாங்கிய அவருடைய வரைபடம் உடற்பயிற்சிக்கான டம்பெல்லைப் போல இருந்ததால், அந்த வகை வீடுகளுக்கு அதுவே பெயராயிற்று. உள்வாங்கிய அகலம் வெறும் 28 அங்குலம். பக்கத்துக் கட்டடமும் அப்படியே உள்வாங்கினால், இரண்டுக்கும் நடுவே ஐந்தடிகூடத் தேறாத ஒரு செங்குத்துப் பொந்து கிடைக்கும். மேல்மாடிகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கீழ்மாடிகளுக்குக் குப்பையும் நாற்றமும் அண்டைவீட்டுச் சத்தமும் வந்து சேர்ந்தன. தீப்பிடித்தால் அதே பொந்து புகைபோக்கியாக மாறி நெருப்பை ஒவ்வொரு மாடிக்கும் ஏற்றியது. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த இந்த வடிவம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நகரமெங்கும் கட்டப்பட்டது.

நீதிமன்றங்களும் துணை நிற்கவில்லை. குடியிருப்புகளில் சுருட்டு தயாரிப்பதை 1884-இல் நியூயார்க் மாநிலம் தடை செய்தது. அந்த முயற்சியைத் தொடக்கத்தில் ஐயத்தோடு பார்த்த இளம் சட்டமன்ற உறுப்பினர் தியடோர் ரூஸ்வெல்ட், புகையிலைக்கு நடுவே குடும்பங்கள் உண்டு உறங்குவதை நேரில் பார்த்த பின்பே ஆதரவாளர் ஆனார். 1885-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. ஒரு தொழிலாளியை அவனுடைய இல்லத்தின் நல்ல சூழலிலிருந்து வெளியேற்றுவது அவன் உடல்நலத்துக்கு எப்படி உதவும் என்று நீதிபதிகள் வியந்தார்கள். அந்த இல்லங்களில் ஒன்றையாவது அவர்கள் எட்டிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

டென்மார்க்கிலிருந்து குடியேறிய பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், பளிச்சென்று ஒளிரும் பொடியைக் கொளுத்தி எடுத்த இருட்டறைப் படங்களால் 1890-இல் வசதியானவர்களை அதிரவைத்தார். அவருடைய பணியின் பயனை மறுக்க முடியாது. ஆனால் இத்தாலியரையும் யூதரையும் சீனரையும் பற்றி அவர் எழுதியவற்றில் அன்றைய இன வெறுப்பு தாராளமாகக் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அவரைவிட வீட்டுவசதிச் சீர்திருத்தவாதி லாரன்ஸ் வெய்லர் மீதுதான் மதிப்பு அதிகம். 1900-இல் அவர் நடத்திய கண்காட்சியில் ஒரே ஒரு தெருக்கட்டத்தின் அட்டை மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அதில் 39 கட்டடங்கள், 605 வீடுகள், 2,781 மனிதர்கள். கழிப்பறைகள் 264, குளியலறை ஒன்றுகூட இல்லை. வெந்நீர் வசதி 40 வீடுகளுக்கு மட்டும். அந்தக் கட்டத்தின் ஆண்டு வாடகை வருமானம் 1,13,964 டாலர். கண்ணீரை வரவழைக்கும் எந்தப் படத்தையும்விட இந்தக் கணக்கு கூர்மையானது, ஏனென்றால் இருட்டு யாருக்கு லாபம் தந்தது என்பதை அது மறைக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1901-இல், புதிய சட்டம் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புற ஜன்னல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறையும் குழாய் நீரும், பொந்துக்குப் பதிலாக உண்மையான முற்றம் என்று அது வரையறுத்தது. அதைக் கண்காணிக்கத் தனித் துறையும் உருவானது. வீட்டு உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1906-இல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தின் பக்கமே நின்றது. 25 அடி மனையில் இனி லாபமாகக் கட்ட முடியாது என்றானதும், கட்டுநர்கள் மனைகளைச் சேர்த்து வாங்கினார்கள். பிரான்க்ஸ், புரூக்ளின் ஆகிய பகுதிகளின் காலி நிலங்களுக்கும் நகர்ந்தார்கள். 1903-இல் வில்லியம்ஸ்பர்க் பாலமும் 1904-இல் சுரங்க ரயிலும் திறக்கப்பட்டிருந்ததால், வேலைக்கு நடந்தே போக வேண்டும் என்ற பழைய கட்டாயமும் தளர்ந்தது. வரைபடத்தில் நியூயார்க் பரந்து விரிந்ததற்கு ரயிலைப் போலவே இந்த ஜன்னல் விதிகளும் காரணம்.

பழைய வீடுகள் மறையவில்லை. புதிய சட்டத்தின்படி கட்டிய வீடுகளின் வாடகை அதிகம் என்பதால், கடைசியாக வந்தவர்களும் மிக ஏழைகளும் இருட்டறைகளிலேயே தங்கினார்கள். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் குடியேறலாம் என்று வரம்பிட்ட 1921, 1924 ஆண்டுகளின் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் கிழக்கு, தெற்கு ஐரோப்பியரின் வருகையை வெகுவாகக் குறைத்த பிறகே அந்த அறைகளுக்கான தேவை சரிந்தது. கீழ்க்கிழக்குப் பகுதியில் 1863-இல் கட்டப்பட்ட ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடத்தின் உரிமையாளர், பாதுகாப்பு விதிகளின்படி அதைச் சீரமைப்பதைவிடக் குடியிருந்தவர்களை வெளியேற்றுவதே மலிவு என்று 1935-இல் முடிவு செய்து, மேல்மாடிகளைப் பூட்டிவிட்டுக் கீழ்த்தளக் கடைகளை மட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.