ஃபிரிட்ஜுக்கு ஒரு ஜோடி செருப்பு

எங்கள் மதுரை வீட்டில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் ஃபிரிட்ஜைத் திறக்க மறுபடி செருப்பு போட்டாக வேண்டும். அதற்கென்றே நீலவார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி ஃபிரிட்ஜ் முன்னால் கிடக்கும். வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். "லேசாத்தான் அடிக்கும்" என்பது அம்மாவின் சான்றிதழ்.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. ஈரக்கையோடு மோர் எடுக்கப் போனவர் போட்ட சத்தத்தில் தெருநாயெல்லாம் குரைத்தது. அம்மா ஓடிவந்து, "ஐயோ, செருப்பு போட்டுக்கலையா?" என்றாள். தப்பு சித்தப்பா மேல்தான் என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பிளக் பாயிண்டின் மேல் ஓட்டையில் டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா, கரண்ட் நல்லாத்தான் வருது" என்றார் அப்பா.

"சார், கரண்ட் வலது ஓட்டையில வரணும். மேல இருக்கிற பெருசு எர்த்து. அதுல எரியவே கூடாது."

த்ரீ பின் பிளக்கில் மேல் பின் ஏன் நீளம் என்றும் சொன்னார்: அது முதலில் உள்ளே போய் எர்த்தைத் தொட்டு, கீழ் ஓட்டைகளை மூடியிருக்கும் ஷட்டரையும் திறந்துவிடும். அந்த நேரம் பார்த்து, டூ பின் சார்ஜருக்காக ஷட்டரைத் தள்ள அப்பா வைத்திருந்த துடைப்பக்குச்சி அவர் கண்ணில் பட்டது. ஒன்றும் சொல்லாமல் ஒடித்துப் போட்டார்.

ஃபிரிட்ஜில் கசிகிற கரண்ட் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். அந்த வழி அறுந்துவிட்டதால் தொடுகிற ஆள் வழியாகப் போகிறது. சரி, எர்த் குழி எங்கே? கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோது அதன் மேலேயே போட்டாயிற்று. நல்ல டைல்ஸ் என்று அப்பா வெகுநேரம் வருத்தப்பட்டார்.

பக்கத்தில் புதுக் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். எதிர்வீட்டுப் பாட்டி கேட் அருகே வந்து, எந்த ஜோசியர் சொன்ன பரிகாரம் என்று விசாரித்தார்.

கடைசியில், கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையை நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டினார்கள். ஃபிரிட்ஜைப் போட்டதும் டப்பென்று ட்ரிப் ஆனது.

"ஓடிக்கிட்டிருந்த ஃபிரிட்ஜை இந்த டப்பா கெடுத்துருச்சு" என்றாள் அம்மா. மெக்கானிக் வந்து, கரண்ட் கசிந்துகொண்டிருந்த, ஐஸை உருக்குகிற டீஃப்ராஸ்ட் ஹீட்டரை மாற்றுகிற வரை அந்த டப்பாவை முறைத்துக்கொண்டேதான் இருந்தாள்.